கீமோவும் ரேடியேஷனும் ஒண்ணா குடுக்கறப்ப நாள் தப்பாம முடிக்கறது எப்படி

ஒரு எடத்துல கட்டியா உக்காந்திருக்கற கேன்சருக்கு (சாலிட் ட்யூமர்னு சொல்றது இதத்தான்) கீமோவையும் ரேடியேஷனையும் ஒரே சமயத்துல குடுக்கப்போறோம்னு டாக்டர் சொன்ன ஒடனே நெறைய பேருக்கு தோணறது "ரெண்டும் வேணுங்கற அளவுக்கு முத்திப்போச்சா"ன்னுதான். பெரும்பாலும் அது தப்புக்கணக்கு. நோய் ஒடம்பு பூரா பரவிப்போய் வலி குறையறதுக்கோ ரத்தம் நிக்கறதுக்கோ ரேடியேஷன் குடுக்கறதா இருந்தா, சாதாரணமா ஒண்ணுல இருந்து பத்து தடவைக்குள்ள முடிச்சு அனுப்பிடுவாங்க, கூட கீமோவ கலந்து ஒடம்ப போட்டு வாட்ட மாட்டாங்க. அஞ்சு, ஆறு, ஏழு வாரம்னு ரெண்டையும் சேத்து குடுக்கறாங்கன்னா பல கேன்சர்ல குறி வேரோட எடுக்கறதுதான். மூளைல வர்ற கிளியோபிளாஸ்டோமா மாதிரி சிலது விதிவிலக்கு, அங்க நோக்கம் நாள நீட்டிக்கறது. உங்க கேஸ்ல எதுன்னு மொத நாளே நேரா கேட்டுடுங்க, ஏன்னா இந்த ஒரு பதில் தெரிஞ்சா பின்னாடி வர்ற கஷ்டத்த எவ்ளோ தூரம் பொறுத்துக்கணும்ங்கறது வீட்ல எல்லாருக்கும் புரிஞ்சுடும்.

எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம்ங்கறத டாக்டர் பாத்துக்குவாரு. நம்ம கைல இருக்கறது காலண்டர். ஆரம்பிச்ச தேதில இருந்து முடியற தேதி வரைக்கும் நடுவுல ஓட்டை விழக்கூடாது. இந்த கைடுல பல்லு பாக்கறது, தண்ணி குடிக்கறது, எடை பாக்கறதுன்னு என்ன சொன்னாலும் கடைசில எல்லாமே அந்த காலண்டருக்காகத்தான்.

ஏன் ரெண்டையும் சேக்கறாங்க

ரேடியேஷன் செல்லுக்குள்ள இருக்கற டிஎன்ஏவ ஒடைக்குது. கேன்சர் செல் சும்மா இருக்காது, அடுத்த நாள் டோஸ் வர்றதுக்குள்ள ஒடஞ்சத ரிப்பேர் பண்ணிக்கப் பாக்கும். சிஸ்பிளாட்டின்ங்கற கீமோ மருந்து அதே டிஎன்ஏல போய் ஒட்டிக்கிட்டு அந்த ரிப்பேர கெடுக்குது. 5-எஃப்யூவும் கேப்சைட்டபினும் எஸ் ஃபேஸ்னு சொல்ற, செல் தன் டிஎன்ஏவ நகல் எடுக்கற கட்டத்துல இருக்கற, ரேடியேஷனுக்கு அவ்ளோ சுலபமா அசையாத செல்லுங்கள கவனிச்சுக்குது. பாக்லிடாக்செல், டோசிடாக்செல் ரெண்டும் செல்ல ஜி2-எம்னு சொல்ற, ரெண்டா பிரியப்போற கட்டத்துல மறிச்சு நிறுத்துது, ரேடியேஷன் நல்லா வேலை செய்யற கட்டம் அது. மைட்டோமைசின் ஆக்சிஜன் கம்மியான பகுதில பதுங்கியிருக்கற செல்லுங்கள தேடிப் புடிக்கும், அந்த மாதிரி செல்லுதான் ரேடியேஷனுக்கு ரொம்ப டிமிக்கி குடுக்கறது. இது ஒரு வேலை. ரேடியேஷன் விழற எடத்துக்கு வெளிய கண்ணுக்குத் தெரியாம தெறிச்சுப்போன செல்லுங்கள கீமோ அடிக்கறது ரெண்டாவது வேலை. ஸ்டீல், பெக்கம்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1979லயே இத பிரிச்சு எழுதி வெச்சுட்டாங்க. ஆனா வாராவாரம் குடுக்கற சின்ன டோஸ் கீமோகிட்ட இந்த ரெண்டாவது வேலைய பெருசா எதிர்பாக்காதீங்க, அது முக்கியமா ரேடியேஷனுக்கு கூர் தீட்டறதுக்குத்தான் வருது.

இப்ப காலண்டர் எங்க வருதுன்னா, சிகிச்சை ஆரம்பிச்சு சுமாரா நாலு வாரம் போன பிறகு தலை, கழுத்து கேன்சர் மாதிரி ஸ்குவாமஸ் வகை கட்டிகள்ல மிச்சம் இருக்கற செல்லுங்க முன்னவிட வேகமா பெருக ஆரம்பிக்குது. 1988ல விதர்ஸ் குழு இத கணக்கு போட்டுக் காட்டினாங்க, அந்தக் கட்டத்துக்கு அப்புறம் ஒவ்வொரு நாள் தள்ளிப்போறதுக்கும் சுமார் 0.6 கிரே (ரேடியேஷன அளக்கற அலகு) டோஸ் அந்தப் பெருக்கத்த ஈடுகட்டவே போயிடுதுன்னு. ஒரு நாளைக்கு குடுக்கறதே வழக்கமா 2 கிரேதான், அதுல மூணுல ஒரு பங்குக்குக் கொஞ்சம் கம்மி. அதனால அஞ்சாவது வாரத்துல "ரொம்ப டயர்டா இருக்கு, ஒரு வாரம் ரெஸ்ட் எடுத்துட்டு தொடரலாமே"ன்னு வீட்ல கேக்கறது நியாயமா தோணினாலும் அதவிட மோசமான நேரம் கெடையாது. கர்ப்பப்பை வாய் கேன்சர்ல வெளி ரேடியேஷன், உள்ள வெச்சு குடுக்கற பிராக்கி எல்லாம் சேத்து 8 வாரத்துக்குள்ள, அதாவது 56 நாளுக்குள்ள முடியணும்ங்கறது வேதவாக்கு மாதிரி.

எந்த கேன்சருக்கு எது

எல்லா கட்டிக்கும் ஒரே கலவை கெடையாது, பக்கத்து பெட்காரருக்கு குடுத்தத பாத்துட்டு "எங்களுக்கு ஏன் இது இல்ல"ன்னு சண்டைக்குப் போகாதீங்க. ஆசனவாய் கேன்சர்ல இருந்துதான் இந்தக் கதைய சொல்லணும். 1974ல நார்மன் நைக்ரோன்னு ஒரு சர்ஜன், ஆபரேஷனுக்கு முன்னாடி கட்டி சுருங்கட்டும்னு மூணே மூணு பேருக்கு கீமோவும் கம்மி டோஸ் ரேடியேஷனும் சேத்து குடுத்தாரு, ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்களுக்கு வெட்டி எடுத்த சதைல கட்டியையே காணோம். அதுக்கப்புறம் ஆசனவாய எடுத்துட்டு வயித்துல நிரந்தரமா பை வைக்கற ஆபரேஷன்தான் மொத வழிங்கறதே மாறிப்போச்சு. இன்னிக்கும் 5-எஃப்யூ அல்லது கேப்சைட்டபின், கூட மைட்டோமைசின், கூட ரேடியேஷன், அதுதான் மொத சிகிச்சை.

கர்ப்பப்பை வாய்க்கு 1999 பிப்ரவரில அமெரிக்க தேசிய கேன்சர் இன்ஸ்டிட்யூட் அஞ்சு ஆய்வோட முடிவ ஒண்ணா வெச்சு டாக்டர்களுக்கு அவசர அறிவிப்பே விட்டாங்க, சிஸ்பிளாட்டின சேத்து குடுத்தா சாகற ஆபத்து 30 முதல் 50 சதவீதம் வரை குறையுதுன்னு. வாரத்துக்கு ஒரு தடவை சதுர மீட்டருக்கு (உயரம், எடைய வெச்சு கணக்கு போடற ஒடம்போட மேற்பரப்பு) 40 மில்லிகிராம், அஞ்சு அல்லது ஆறு வாரம், இதுதான் பரவலா இருக்கற முறை. தலை, கழுத்து கேன்சருக்கு 70 கிரே, 35 தடவை, ஏழு வாரம், கூட சிஸ்பிளாட்டின் மூணு வாரத்துக்கு ஒருக்கா சதுர மீட்டருக்கு 100 மில்லிகிராம் இல்லன்னா வாராவாரம் 40. எப்படி குடுத்தாலும் மொத்தமா சதுர மீட்டருக்கு 200 மில்லிகிராமாவது உள்ள போயிருக்கணும்னு பாப்பாங்க. தலை, கழுத்து ஆய்வுகள எல்லாம் சேத்துப் பாத்த பெரிய அலசல்ல, ஒரே நேரத்துல கீமோ சேத்தா அஞ்சு வருஷத்துல உயிரோட இருக்கறவங்க 6.5 சதவீதப் புள்ளி அதிகம்னு வந்தது. கேக்கறதுக்கு சின்னதா இருக்கும், நூறு பேர்ல ஆறேழு பேருன்னு யோசிச்சுப் பாருங்க. குரல்வளைல இன்னொரு லாபம், 2003ல வந்த ஆய்வுல ரெண்டையும் ஒண்ணா வாங்கினவங்கள்ல 88 சதவீதம் பேருக்கு ரெண்டு வருஷம் கழிச்சும் குரல்வளை அப்படியே இருந்துது, ரேடியேஷன் மட்டும் வாங்கினவங்களுக்கு 70 சதவீதம்.

உணவுக்குழாய்க்கு ஆபரேஷனுக்கு முன்னாடி வாரம் ஒருக்கா கார்போபிளாட்டினும் பாக்லிடாக்செலும், கூட 41.4 கிரே, 23 தடவை. 2012ல வந்த க்ராஸ் ஆய்வுல இத வாங்கிட்டு ஆபரேஷன் பண்ணவங்கள்ல பாதிப் பேர் 49.4 மாசம் தாண்டினாங்க, நேரா ஆபரேஷனுக்குப் போனவங்கள்ல பாதிப் பேர் தாண்டினது 24 மாசம். மலக்குடலுக்கு ரேடியேஷன் நாள்ல ரெண்டு வேளை கேப்சைட்டபின் மாத்திரை. மூத்திரப்பைய எடுக்காம காப்பாத்தணும்னா 5-எஃப்யூவும் மைட்டோமைசினும் ஒரு வழி. நுரையீரல்ல மூணாவது ஸ்டேஜுக்கு பிளாட்டினம் வகை மருந்தோட 60 கிரே. இதுல ஒரு விஷயம் சொல்லியே ஆகணும், 60 நல்லதுன்னா 74 இன்னும் நல்லதா இருக்குமேன்னு பாத்தாங்க, 2015ல வந்த முடிவுல 74 வாங்கினவங்கள்ல பாதிப் பேர் உயிரோட தாண்டினது 20.3 மாசம், 60 வாங்கினவங்கள்ல 28.7 மாசம். டோஸ ஏத்துங்கன்னு டாக்டர்கிட்ட கெஞ்சறவங்களுக்கு நான் இந்த நம்பரத்தான் சொல்றது.

கிளியோபிளாஸ்டோமாவுக்கு டெமோசோலமைட் மாத்திரை, சதுர மீட்டருக்கு 75 மில்லிகிராம், தெனமும், அதாவது ரேடியேஷன் இல்லாத சனி ஞாயிறும் சேத்து. மெஷின் லீவுன்னா மாத்திரையும் லீவுன்னு நிறுத்திடறவங்க உண்டு, கேப்சைட்டபின் வழக்கமா ரேடியேஷன் நாள்ல மட்டும்ங்கறதால ரெண்டையும் போட்டு கொழப்பிக்கறாங்க. உங்க மாத்திரை எந்த வகைன்னு எழுதி வாங்கிக்கோங்க. 2005ல வந்த ஸ்டுப் ஆய்வுல ரேடியேஷனோட இந்த மாத்திரைய சேத்தப்ப ரெண்டு வருஷம் தாண்டினவங்க 10.4 சதவீதத்துல இருந்து 26.5 ஆச்சு.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி

இங்கதான் ரெண்டு வாரம் போகும், பொறுமை இருக்காது, ஆனா இந்த ரெண்டு வாரத்த ஒழுங்கா செலவு பண்ணா பின்னாடி நடுவுல நிறுத்த வேண்டி வராது. வாய், தொண்டை பக்கம் ரேடியேஷன் விழப்போகுதுன்னா மொத வேலை பல் டாக்டர். ஆடற பல்லு, சொத்தை, புடுங்க வேண்டியது எதுவா இருந்தாலும் இப்பவே புடுங்கி புண்ணு ஆற 10 முதல் 14 நாள் விடணும். ரேடியேஷன் வாங்கின தாடைல பின்னாடி பல்ல புடுங்கினா எலும்பு ஆறாம செத்துப்போற ஆபத்து இருக்கு, அது பல வருஷம் கழிச்சும் வரலாம்.

சிஸ்பிளாட்டின்னா கிட்னி டெஸ்ட்டும் காது டெஸ்ட்டும். கிரியேட்டினின் (கிட்னி வெளியேத்தற ஒரு கழிவு) நார்மல்னு ரிப்போர்ட்ல போட்டிருந்தாலும் வயசு, எடை எல்லாம் சேத்து, கிட்னி எவ்ளோ வேகமா ரத்தத்த சுத்தம் பண்ணுதுன்னு பாக்க கிளியரன்ஸ்னு ஒரு கணக்கு போடுவாங்க, ஒல்லியான வயசானவங்களுக்கு கிரியேட்டினின் அழகா இருக்கும் கிளியரன்ஸ் படுத்துட்டிருக்கும். நிமிஷத்துக்கு 60 மில்லிக்கு கீழ போனா முழு டோஸ் சிஸ்பிளாட்டினுக்கு தயங்குவாங்க. காதுல ஏற்கனவே இரைச்சல் இருக்கு, கை கால் மரத்துப்போகுதுன்னா மறைக்காம சொல்லிடுங்க, இந்த மருந்து கெடுக்கற காது பெரும்பாலும் திரும்பி வராது. 5-எஃப்யூ, கேப்சைட்டபின்னா டிபிடின்னு ஒரு என்சைம் கம்மியா இருக்கற சிலருக்கு சாதாரண டோஸே உயிருக்கு ஒலையாயிடும், அதுக்கு முன்கூட்டியே டெஸ்ட் இருக்கு, ஐரோப்பிய மருந்து ஏஜென்சி 2020ல இருந்து எல்லாருக்கும் பண்ணச் சொல்லுது, உங்க ஆஸ்பத்திரில பண்றாங்களான்னு கேளுங்க. வார்ஃபரின் (ரத்தம் உறையாம இருக்க குடுக்கற மாத்திரை) சாப்பிடறவங்க கேப்சைட்டபின் ஆரம்பிக்கறாங்கன்னா ரத்தம் உறையற நேரம் தாறுமாறா ஏறி ரத்தக் கசிவு வரலாம், அதையும் சொல்லிடணும். ஹெபடைட்டிஸ் பி டெஸ்ட்டும் கீமோவுக்கு முன்னாடி பாத்துடறது நல்லது, தூங்கிட்டிருக்கற வைரஸ் முழிச்சுக்கும்.

குழந்தை பெத்துக்கற வயசா இருந்தா விந்தணு, கருமுட்டை சேமிக்கறதப் பத்தி இப்பவே பேசணும். டாக்டரே பேச்செடுப்பாருன்னு காத்திருக்காதீங்க, கூட்டத்துல மறந்துடுது.

சிகரெட். இத வளத்த விரும்பல. ரேடியேஷன் நடக்கறப்ப புகைச்சா கட்டிக்கு ஆக்சிஜன் கம்மியாகும், ஆக்சிஜன் கம்மியானா ரேடியேஷன் சரியா வேலை செய்யாது, வாய்ப்புண்ணும் இன்னும் பாடா படுத்தும். மெல்ற புகையிலையும் இதே கணக்குல விட்டுடணும்.

அப்புறம் சாப்பாட்டுக் குழாய். தலை, கழுத்துல ஆரம்பத்துலயே எடை கொறஞ்சு, முழுங்கவே கஷ்டப்படறவங்களுக்கு மூக்கு வழியாவோ வயித்து வழியாவோ ட்யூப் போடலாம்னு சொல்லுவாங்க, நெறைய பேர் மானப் பிரச்சனையா எடுத்துக்கிட்டு வேணாங்கறாங்க, அப்புறம் நாலாவது வாரம் ஒரு வாய் தண்ணி எறங்காம அட்மிட் ஆகி ரெண்டு மூணு நாள் ரேடியேஷன் போயிடுது. ட்யூப் இருந்தாலும் தெனம் கொஞ்சமாவது வாயால முழுங்கிட்டே இருக்கணும், முழுங்கற தசை ஒரு வாட்டி மறந்துட்டா திரும்ப பழக்கறது பெரும்பாடு. ஸ்பீச் தெரபிஸ்ட் குடுக்கற முழுங்கற பயிற்சியும் வாயத் தொறக்கற பயிற்சியும் மொத வாரத்துலயே ஆரம்பிச்சுடுங்க.

நடக்கறப்ப

மொத ரெண்டு வாரம் ஏமாத்தும். வாந்தி தவிர ஒண்ணும் தெரியாது, "இவ்ளோதானா"ன்னு இருக்கும். மூணாவது வாரத்துல இருந்துதான் ரேடியேஷனோட வேலை வெளிய தெரிய ஆரம்பிக்கும், கடைசி ரெண்டு வாரமும் முடிஞ்சு அடுத்த ஒண்ணு ரெண்டு வாரமும் உச்சம். முடிஞ்ச அன்னிக்கே சரியாயிடும்னு நெனச்சவங்கதான் அதிகமா ஒடஞ்சு போறாங்க, அதனால இத இப்பவே சொல்லி வெக்கறேன்.

சிஸ்பிளாட்டின் போடற நாள்ல முன்னாடியும் பின்னாடியும் சலைன் ஏத்துவாங்க, மக்னீசியமும் சேத்து, அது கிட்னிய கழுவி விடறதுக்கு. வீட்டுக்கு வந்து அடுத்த ரெண்டு மூணு நாள் தண்ணி நல்லா உள்ள போகணும் (இதய நோய் இருந்தா எவ்ளோன்னு கேட்டுக்கோங்க), மூத்திரம் கொறஞ்சாலோ ஒரு நாள் பூரா வாந்தியெடுத்து தண்ணி தங்கலன்னாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்கக் கூடாது. வலிக்குதுன்னு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரைய கடைல வாங்கி போட்டுடாதீங்க, சிஸ்பிளாட்டினும் அதுவும் சேந்தா கிட்னி காலி. வாந்திக்கு குடுக்கற மாத்திரை வாந்தி வந்தப்புறம் போடறதுக்கு குடுத்தது கெடையாது, வராம இருக்கறதுக்கு நேரத்துக்கு போடறது, ஏன்னா இந்த மருந்துல வாந்தி அன்னிக்கு அடங்கின மாதிரி இருந்து ரெண்டாவது மூணாவது நாள் திரும்ப கெளம்பும், அஞ்சு நாள் வரைக்கும் போகும். குடுத்த மருந்துல நிக்கலன்னா ஒலான்சபின் மாதிரி வேற சேர்மானம் இருக்கு, அடுத்த தடவை வரப்ப சொல்லிடுங்க, பல்லக் கடிச்சுட்டு இருக்காதீங்க.

வாய்ப்புண்ணுக்கு உப்பும் பேக்கிங் சோடாவும் கலந்த தண்ணில ஒரு நாளைக்கு பல தடவை கொப்பளிக்கறது, மெத்துனு இருக்கற பிரஷ், ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் வேணவே வேணாம். வலி கூடினா மார்ஃபின் தருவாங்க, அந்தப் பேரக் கேட்டதும் பயந்து ஒதுக்கிடறாங்க. வலி இல்லன்னா சாப்பிடுவீங்க, சாப்பிட்டா எடை நிக்கும், எடை நின்னா ரேடியேஷனப்ப தலை அசையாம இருக்க முகத்துக்கு செஞ்ச மாஸ்க் சரியா பொருந்தும், மாஸ்க் லூசாச்சுன்னா திரும்ப ஸ்கேன் எடுத்து பிளான் போடணும், சில நாள் போயிடும். வாரம் ஒரு தடவை ஒரே எடை மெஷின்ல நின்னு எழுதி வைங்க. புரதம் அதிகமா இருக்கற மெத்துனு சாப்பாடு, கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி, இவ்ளோதான் டயட்.

இடுப்புப் பகுதிக்கு ரேடியேஷன்னா வேற பாடு. வயித்துப்போக்கு, மூத்திர எரிச்சல். லோபெரமைட் மாதிரி மாத்திரைய எப்ப ஆரம்பிக்கணும், எத்தனைன்னு முன்னாடியே கேட்டு வைங்க. கேப்சைட்டபின் சாப்பிடறவங்களுக்கு போக்கு கட்டுக்கடங்காம போனா மாத்திரைய நிறுத்திட்டு ஒடனே கூப்பிடணும், மிச்ச மாத்திரைய தீத்துட்டு போலாம்னு இருக்கக்கூடாது. ஸ்கேன் எடுத்த அன்னிக்கு மூத்திரப்பை எவ்ளோ நெறஞ்சிருந்துதோ அதே மாதிரி தெனமும் நெறஞ்சிருக்கணும்னு சொல்லுவாங்க, அலட்சியமா எடுத்துக்காதீங்க, பை காலியா இருந்தா குடல் எறங்கி ரேடியேஷன் வழில வந்துடும்.

சருமத்துக்கு ரேடியேஷன் விழற எடத்துல சோப்பு மென்மையா போட்டு கழுவலாம், மாய்ஸ்சரைசர் தடவலாம், தேய்க்கறது, சுடு ஒத்தடம், ஐஸ், பிளாஸ்திரி எதுவும் கூடாது.

விட்டமின் மாத்திரை விஷயத்துல எனக்கு கொஞ்சம் கோவம் வரும். ஆன்டிஆக்சிடன்ட் நல்லதுன்னு யாராவது பெரிய டோஸ் பாட்டிலா வாங்கித் தருவாங்க. ரேடியேஷன் செல்ல கொல்றதே பெரும்பாலும் ஆக்சிஜன் வழியாத்தான், அத அணைக்கற மாத்திரைய அள்ளிப் போட்டா யாரக் காப்பாத்தறோம்? தலை, கழுத்து நோயாளிகளுக்கு விட்டமின் ஈயும் பீட்டா கரோட்டினும் அதிக டோஸ்ல குடுத்துப் பாத்த ஆய்வு 2005ல வந்தது, சைடு எஃபெக்ட் கொஞ்சம் கொறஞ்சுது, கட்டி திரும்ப வர்றது கூடற பக்கம் சாஞ்சுது. மூலிகை, பொடி, கஷாயம் எதுவா இருந்தாலும் டாக்டருக்குத் தெரியாம வேணாம்.

காய்ச்சல் தனி. 100.4 ஃபாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸ் தொட்டா, ராத்திரி மூணு மணியானாலும் போன் பண்ணிட்டு கெளம்பணும். வெள்ளணு கொறஞ்சிருக்கறப்ப வர்ற காய்ச்சல் சில மணி நேரத்துல ஆள கவுத்துடும், பாராசிட்டமால போட்டு மூடி வெச்சா நோய் மறையறது இல்ல தெர்மாமீட்டர்தான் மறையுது. வெள்ளணுவ ஏத்தற ஊசி இருக்கே, போட்டுட்டா ஆச்சேன்னு கேப்பாங்க. நெஞ்சுப் பகுதி ரேடியேஷனும் கீமோவும் ஒண்ணா நடக்கறப்ப அத பொதுவா தவிர்க்கச் சொல்றாங்க, அதனால அது டாக்டர் முடிவு.

நாள் தப்பிட்டா

ரொம்ப முக்கியமான ஒண்ணு. வாராவாரம் ரத்தம் எடுத்துப் பாப்பாங்க, ஒரு வாரம் பிளேட்லெட்டோ வெள்ளணுவோ கம்மியா வரும், "இந்த வாரம் கீமோ வேணாம்"னு சொல்லுவாங்க. அதக் கேட்டுட்டு ரேடியேஷனுக்கும் வராம வீட்லயே இருந்துடறவங்க இருக்காங்க. கீமோ தள்ளிப்போனா ரேடியேஷன் தன் பாட்டுக்கு ஓடணும், டாக்டரே வாயத் தொறந்து ரேடியேஷனையும் நிறுத்துன்னு சொன்னா ஒழிய. இந்த ஜோடில தலைவன் ரேடியேஷன்தான். அதே மாதிரி விட்டுப்போன கீமோவ ரேடியேஷன் எல்லாம் முடிஞ்சப்புறம் போட்டா கூர் தீட்டற வேலை நடக்காது, தீட்டறதுக்கு எதிர்ல கத்தியே இருக்காதே.

ரேடியேஷனே தப்பிப்போச்சுன்னா, மெஷின் ரிப்பேர், பண்டிகை லீவு, காய்ச்சல் எதுவா இருந்தாலும் சரி, கடைசில ஒரு நாள் சேத்துக்கலாம்னு விட்டுடாம "மொத்த நாள் கூடாம எப்படி ஈடுகட்டுவீங்க"ன்னு கேளுங்க. சனிக்கிழமை குடுக்கலாம், இல்லன்னா ஒரே நாள்ல ரெண்டு தடவை குறைஞ்சது ஆறு மணி நேர இடைவெளி விட்டு குடுக்கலாம், அந்த ஆறு மணி நேரம் நல்ல செல்லுங்க ரிப்பேர் ஆகறதுக்கு. எல்லா கேஸ்லயும் பண்ண மாட்டாங்க, ஆனா கேட்டாத்தான் யோசிப்பாங்க. ஆரம்பிக்கற தேதி முடிவாகறப்பவே வர்ற ஏழெட்டு வாரத்துல எந்தெந்த நாள் மெஷின் மூடியிருக்கும்னு வாங்கி வெச்சுக்கறது இன்னும் நல்லது. தெனமும் அழைச்சுட்டுப் போறதுக்கு ஒரே ஆள நம்பி இருக்காதீங்க, ரெண்டாவது ஆள் பேரு லிஸ்ட்ல இருக்கட்டும்.

யாருக்கு ஒத்து வராது

சேத்து குடுக்கல, ரேடியேஷன் மட்டும்தான்னு சொன்னா கைய விட்டுட்டாங்கன்னு அர்த்தம் பண்ணிக்காதீங்க. மேல சொன்ன அதே தலை, கழுத்து பெரிய அலசல்ல, வயசு ஏற ஏற கீமோவால வர்ற கூடுதல் லாபம் கொறஞ்சுக்கிட்டே போய் 70 தாண்டினவங்களுக்கு ஏறக்குறைய இல்லாமப் போயிடுது. தன் வேலைய தானே பாத்துக்க முடியாத நெலமைல இருக்கறவங்களுக்கு ரெண்டையும் சேத்தா பாதில நிக்கும், பாதில நின்ன கீமோரேடியேஷன விட முழுசா முடிஞ்ச ரேடியேஷன் மேலு. கிட்னியோ காதோ எடம் குடுக்கலன்னா மாத்து மருந்தும் இருக்கு. தலை, கழுத்துல சிஸ்பிளாட்டின் போட முடியாதவங்களுக்கு வாரம் சதுர மீட்டருக்கு 15 மில்லிகிராம் டோசிடாக்செல் சேத்துப் பாத்த ஆய்வு 2023ல வந்தது, ரெண்டு வருஷம் தாண்டினவங்க 41.7 சதவீதத்துல இருந்து 50.8க்கு போனாங்க, ஆனா வாய்ப்புண் அதிகம். செடுக்ஸிமேப் புது மருந்து, சைடு எஃபெக்ட் கம்மின்னு சிலர் தானா கேட்டு வாங்கறாங்க, ஹெச்பிவிங்கற வைரஸால வர்ற தொண்டை கேன்சர்ல சிஸ்பிளாட்டினோட நேருக்கு நேர் வெச்சுப் பாத்த ரெண்டு ஆய்வுலயும் அது தோத்துப்போச்சு. எல்லா கீமோவும் ரேடியேஷனோட சேராதுங்கறதும் தெரிஞ்சிருக்கட்டும். ஜெம்சைட்டபின முழு டோஸ்ல நெஞ்சு ரேடியேஷனோட சேத்தப்ப நுரையீரல் வெந்து போய் உயிரே போயிருக்கு.

முடிஞ்சப்புறம்

ஒடனே ஸ்கேன் எடுக்கணும்னு துடிக்காதீங்க. செத்துக்கிட்டிருக்கற கட்டியும் வீங்கின சதையும் ஸ்கேன்ல நோய் மாதிரியே எரியும். தலை, கழுத்துக்கு பெட் ஸ்கேன் சுமார் 12 வாரம் கழிச்சு. ஆசனவாய் கேன்சர் மெதுவா கரையும், 26 வாரம் வரைக்கும் பொறுத்துப் பாக்கறாங்க, மூணாவது மாசத்துல கொஞ்சம் மிச்சம் தெரியுதுன்னு அவசரப்பட்டு ஆபரேஷனுக்குப் போயிடக்கூடாது. மூளைக்கட்டில மொத மூணு மாசத்துக்குள்ள எடுக்கற எம்ஆர்ஐ பெருசான மாதிரி காட்டிட்டு அப்புறம் தானா அடங்கறது உண்டு. ஆபரேஷன் அடுத்து இருக்கறவங்களுக்கு, மலக்குடல் மாதிரி, வழக்கமா 6 முதல் 12 வாரம் இடைவெளி.

நுரையீரல் பக்கம் வாங்கினவங்களுக்கு முடிஞ்சு ஒண்ணுல இருந்து ஆறு மாசத்துக்குள்ள வறட்டு இருமல், மூச்சு வாங்கறது வந்தா சளின்னு நெனச்சு கடை மருந்து போடாம ரேடியேஷன் டாக்டர்கிட்ட போங்க, நிமோனைட்டிஸா (ரேடியேஷனால வர்ற நுரையீரல் அழற்சி) இருக்கலாம், அதுக்கு ஸ்டீராய்டு வேணும். கழுத்துல வாங்கினவங்க ஆறு மாசம், ஒரு வருஷத்துக்கு ஒருக்கா டிஎஸ்எச்னு தைராய்டு ரத்த டெஸ்ட் பாக்கணும், தைராய்டு மெதுவா படுத்துக்கும், அந்த அசதிய வயசாயிடுச்சுன்னு தள்ளி விட்டுடறாங்க. இடுப்புல வாங்கின பெண்களுக்கு பிறப்புறுப்பு சுருங்காம இருக்க டைலேட்டர் பயன்படுத்தச் சொல்லுவாங்க, யாரும் சொல்லலன்னா கூச்சப்படாம நர்ஸ்கிட்ட கேளுங்க, மாதவிடாயும் நின்னு போகலாம், அதோட வர்ற ஒடம்பு சூடு, எலும்பு தேயறதுக்கெல்லாம் சிகிச்சை இருக்கு.

டிஸ்சார்ஜ் பேப்பர்ல மொத்தம் எத்தனை கிரே, எத்தனை தடவை, எந்தப் பகுதி, ஆரம்பிச்ச தேதி, முடிஞ்ச தேதி, கீமோ எத்தனை தடவை போச்சு, மொத்தம் எத்தனை மில்லிகிராம் எல்லாம் இருக்கான்னு கவுண்டர்லயே நின்னு படிங்க, இல்லன்னா எழுதி வாங்குங்க. பத்து வருஷம் கழிச்சு பல் புடுங்கப் போனாலும், வேற ஊர்ல வேற டாக்டர் வேற கீமோ ஆரம்பிச்சாலும் அந்தப் பேப்பர் வேணும், ஏன்னா டாக்சோரூபிசின், ஜெம்சைட்டபின் மாதிரி சில மருந்து புதுசா போட்டா முன்னாடி ரேடியேஷன் வாங்கின அதே எடம் திரும்ப செவந்து வீங்கறது உண்டு. போட்டோ எடுத்து வீட்ல ரெண்டு பேரோட போன்ல போட்டு வைங்க.